கிண்ணம் குறைந்தால் போடு

ஒரு பூட்டுக்காரரை வெளியே நிறுத்திவிட்டுக் கூண்டைப் பூட்டுவது என்றால் சும்மாவா? அவர் மனைவி, பேக்கரியில் வேலை பார்க்கும் ரொட்டியக்கா, அதைத்தான் செய்தாள். வீட்டுக்குப் பின்னால், சுவரை ஒட்டி, ஆள் நிமிர்ந்து நடக்கும் உயரத்துக்குக் கட்டியிருந்த குருவிக் கூண்டுக்கு ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு கதவுகள். இரண்டையும் இழுத்துச் சாத்தி, வெளிக்கதவில் பித்தளைப் பூட்டைத் தொங்கவிட்டு, சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டாள். பூட்டு அவர் கடைப் பூட்டு. சாவி அவர் கையால் அராவிய சாவி. தெருவே சிரித்தது.

"ஏன் அண்ணி, எங்கண்ணன் கண்ணை மூடிக்கிட்டே இரும்புப் பெட்டியைத் திறப்பாரு. அவருக்குப் போய் பூட்டா?" என்று நாத்தனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த தெருவில் தையல் கடை வைத்திருப்பவள் அவள். அண்ணன் வீட்டில் என்ன நடந்தாலும் கத்தரிக்கோலைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஓடி வந்துவிடுவாள்.

"அவரை நிறுத்தறது பூட்டு இல்லம்மா. அவர் கொடுத்த வாக்கு. பூட்டு என் மனசு சமாதானத்துக்கு."

வாக்கு கொடுத்தது டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த அன்று. டாக்டர் ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னார். உள்ளே ஒரு பந்து. ஊதினால் மேலே ஏற வேண்டும். பூட்டுக்காரர் கன்னம் புடைக்க ஊதினார். பந்து லேசாக நடுங்கிவிட்டு இருந்த இடத்திலேயே உட்கார்ந்துகொண்டது. "குழாய்ல எங்கயோ ஓட்டை இருக்கு டாக்டர். கொடுங்க, நான் சரி பண்ணித் தரேன்," என்றார் அந்த மனிதர். டாக்டர் சிரிக்கவில்லை.

"ஓட்டை குழாய்ல இல்லைங்க. குருவிக் கூண்டுத் தூசி, எச்சத் தூசி, இறகுத் தூசி எல்லாம் இத்தனை வருஷமா நெஞ்சுக்குள்ள போய் உட்கார்ந்திருக்கு. இன்னையோட நிறுத்தணும். குருவிங்க வீட்டை விட்டே போகணும். இல்லன்னா மிச்சம் இருக்கிற மூச்சும் போயிடும்."

வீட்டுக்கு வந்ததும் பேரத்தை ஆரம்பித்தார்.

"முட்டையிடற பானையில குஞ்சுங்க இருக்கு. இப்பக் கூண்டு மாத்தினா தாய்ங்க மிரண்டுபோய் குஞ்சை விட்டுடும். குஞ்சுங்க வெளியே வந்து தானா கொத்தித் தின்னட்டும். அப்புறம் மொத்தத்தையும் குருவிக்கடைக்காரன்கிட்ட கொடுத்துடலாம்."

"அதுவரைக்கும் யாரு பாக்கறது?"

"நீதான்."

"நானா! எனக்கும் அதுங்களுக்கும் ஆகவே ஆகாதுன்னு ஊருக்கே தெரியுமே."

"ஆகாட்டிப் போகுது. தண்ணி ஊத்து, தினை போடு, போதும். நான் கூண்டுக்குள்ள கால் வைக்கமாட்டேன். இது வாக்கு. ஆனா ஒண்ணு சொல்லிடறேன். உன் கையில ஒரே ஒரு குருவிக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, நான் உள்ள போயிடுவேன். அப்ப நீ என்னைத் தடுக்கக்கூடாது."

தன் நெஞ்சைப் பணயம் வைத்துப் பேரம் பேசுகிறவரோடு யார் என்ன வாதாடுவது? அவள் தலையாட்டினாள். அன்றைக்கே அவளுக்கு நிம்மதி போயிற்று.

ஊரார் அந்தக் குருவிகளை லவ் பேர்ட்ஸ் என்பார்கள். பூட்டுக்காரர் பட்ஜி என்பார். ரொட்டியக்காவுக்கு அவை வெறும் குருவிகள்தான், கோபம் வந்தால் சனியன்கள். பச்சையும் மஞ்சளும் நீலமுமாகக் கூண்டு முழுக்க விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை ஓயாத கத்தல். பேக்கரியில் மாவு பிசையும் இயந்திரத்தின் இரைச்சலில் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தால் இங்கே இது. அதிலும் அந்த நீலக் கிழவன் இருக்கிறதே, அது பூட்டுக்காரர் சாவி அராவும் சத்தத்தைக் கற்றுக்கொண்டு, நாள் முழுக்க கிர்க் கிர்க் என்று அராவும். அதற்கு அவர் வைத்த பெயர் சின்ன முதலாளி. "இவனுக்கு ஒரு கடை வெச்சுக் கொடுத்துட்டா நான் வீட்ல உட்கார்ந்துக்கலாம்," என்பார். தம்பதிக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசுவதும் இல்லை.

முதல் நாள் அவரைச் சன்னல் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். கண்ணாடியைச் சாத்திவிட்டாள். அவர் உள்ளிருந்து கத்த, அவள் கூண்டுக்குள்ளிருந்து கத்த, நடுவில் குருவிகள் கத்த, பக்கத்து வீட்டுக்காரர்கள் மாடிக்கு வந்து வேடிக்கை பார்த்தார்கள்.

"முதக் கதவைச் சாத்திட்டுத்தான் ரெண்டாவதைத் திறக்கணும்!"

"சாத்திட்டேன், சாத்திட்டேன்!"

"தண்ணிக் கிண்ணத்தைத் தேய்ச்சுக் கழுவு! பிசுபிசுப்பு இருக்கக்கூடாது!"

"நம்ம வீட்டுச் சட்டியைக்கூட நான் இவ்வளவு தேய்ச்சதில்லை!"

"கீரையை ஈரத்தோட வைக்காதே! கழிச்சல் புடுங்கும்! பானைக்குள்ள சும்மா சும்மா எட்டிப் பாக்காதே, மஞ்சக்காரிக்குக் கோபம் வரும்!"

"எனக்குக் கோபம் வந்தா பரவாயில்லையா?"

"தினை, கிண்ணம் குறைஞ்சா போடு! சும்மா சும்மா மேல கொட்டினா அடியில கிடக்கிறது பூசணம் பிடிக்கும்! குறைஞ்சா மட்டும் போடு!"

"ஆகட்டும் சாமி!"

இவ்வளவுதான் வேலை என்று அவளுக்குப் பட்டது. இதற்காகவா இந்த மனிதர் காலையிலும் மாலையிலும் ஒரு மணி நேரம் கூண்டுக்குள் கிடந்தார்?

அவளுக்கு விடியுமுன்னே பேக்கரிக்குப் போயாக வேண்டும். முதல் தட்டு ரொட்டி அடுப்பிலிருந்து இறங்கும்போது கடை வாசலில் ஆள் நிற்கும். அதனால் அரையிருட்டில் கூண்டுக்குள் நுழைவாள். தண்ணீர் மாற்றுவாள், கீரையைக் கம்பியில் செருகுவாள், பலகைமேல் வரிசையாக இருக்கும் தினைக் கிண்ணங்களைப் பார்ப்பாள். கிண்ணம் நிரம்பித்தான் இருக்கும். அப்பாடா என்று கதவைச் சாத்திக்கொண்டு ஓடுவாள். திரும்பி வரும்போது கை கால் ஓய்ந்திருக்கும். கம்பிக்கு வெளியிலிருந்தே ஒரு பார்வை. அப்போதும் நிரம்பித்தான் இருக்கும்.

அந்த வாரம் காற்று செத்துப்போயிருந்தது. வானம் மூடிக்கொண்டு கிடந்தது, மழையும் வரவில்லை, வெயிலும் அடங்கவில்லை. கூண்டுக்குமேல் சாய்ந்திருந்த மரத்தில் ஓர் இலை அசையவில்லை. அடுப்படியிலும் புழுக்கம், வீட்டிலும் புழுக்கம். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும், எழுந்தால் எங்கே போவதென்று தெரியாது. பூட்டுக்காரர் மாத்திரை மயக்கத்தில் பகலெல்லாம் கண்ணயர்ந்து கிடந்தார். முழிப்பு வந்தால் ஒரே கேள்விதான்.

"தின்னுதுங்களா?"

"தின்னுதுங்க. கிண்ணம் நிறைய இருக்கு."

சத்தம் குறைந்ததை அவள் முதலில் ஒரு வரமாகத்தான் எடுத்துக்கொண்டாள். பேக்கரியிலிருந்து வந்து காலை நீட்டியவள், அட, காதுக்கு எவ்வளவு சுகமாக இருக்கிறது என்று நினைத்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஏன் இவ்வளவு சுகமாக இருக்கிறது என்று யோசித்தாள். சுருக்கென்றது.

எழுந்து போய்ப் பார்த்தாள். குருவிகள் உடம்பை உப்பிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, கம்பில் ஒட்டி ஒட்டி உட்கார்ந்திருந்தன. சில கீழே இறங்கித் தரையைக் கிளறிக்கொண்டிருந்தன. காலையில் செருகிய கீரையில் காம்புகூட மிச்சமில்லை. சின்ன முதலாளி மூலையில் தலையைத் தொங்கப் போட்டிருந்தது. அராவவில்லை.

"ஏய் கிழவா, என்ன வந்துச்சு உனக்கு? கத்தேன்," என்றாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு குருவியிடம் கத்தச் சொல்லிக் கெஞ்சினாள்.

வீட்டுக்குள் வந்து வானொலியைச் சத்தமாக வைத்தாள். பூட்டுக்காரர் புரண்டு படுத்து, "இதென்ன புதுசா இருக்கு?" என்றார்.

"உங்களுக்குப் பொழுது போகணும்ல."

"குருவிங்க சத்தமே கேக்கலையே."

"கண்ணாடி சாத்தியிருக்கு. வானொலி வேற. அதெல்லாம் நல்லாத்தான் கத்திக்கிட்டிருக்குதுங்க, கவலைப்படாம படுங்க."

பொய் சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போனாள். கழுவிய டம்ளரையே மறுபடி கழுவினாள்.

நாத்தனார் வந்தபோது வாசலிலேயே கையைப் பிடித்துப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். நாத்தனார் கம்பியில் மூக்கை வைத்துப் பார்த்தாள். தினைக் கிண்ணங்களையும் பார்த்தாள்.

"இவ்வளவு சாப்பாடு கிடக்கு, ஒண்ணும் தொடலையே அண்ணி."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

"இது ஏக்கம். வேற ஒண்ணும் இல்லை. அண்ணனைக் காணாம ஏங்குதுங்க. வாயில்லாச் சீவன் வேற என்ன பண்ணும்? பட்டினி கிடக்குதுங்க."

ரொட்டியக்காவுக்கு அதைக் கேட்டதும் பாவம் என்று தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. பற்றிக்கொண்டுதான் வந்தது. "ஏங்கறதா? நான் அடுப்புத் தட்டுல கை சுட்டுக்கிட்டு வந்தப்ப உங்கண்ணன் என்ன கேட்டாரு தெரியுமா? மஞ்சக்காரி முட்டை விட்டுச்சான்னு கேட்டாரு. அவ்வளவு பாசம் கொட்டி வளர்த்தா ஏங்காம என்ன செய்யும்? நான் தண்ணி வெச்சா குடிக்கும், நான் கீரை வெச்சா தின்னும், தினை மட்டும் அவர் கையால போட்டாத்தான் உள்ள இறங்குமா?"

"ஒரே ஒரு தடவை வந்து கம்பிக்கு வெளியே நிக்கட்டுமே அண்ணி. முகத்தைப் பார்த்தாலே தின்னுடும்."

"வாயை மூடு. வெளியே நின்னா உள்ள போவாரு. உள்ள போனா..." நாத்தனார் கத்தரிக்கோலைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு நின்றாள். அவளுக்கும் அண்ணன்தானே.

மறுநாள் விடியுமுன் ஒரு குருவி தரையில் கிடந்தது. கைவிளக்கு வெளிச்சத்தில் பார்த்தாள். சாதாரணப் பச்சை. மூக்குமேல் இருந்த தோல் நீலமாக இருந்தது, அப்படியென்றால் ஆண் என்று அவர் சொல்லக் கேட்டிருக்கிறாள். மஞ்சக்காரியின் சோடி. எடுத்தால் கையில் கனமே இல்லை. நெஞ்செலும்பு கத்தி விளிம்பாக விரலில் தட்டியது. ரொட்டி சுற்றும் தாளில் அதைச் சுற்றி மரத்தடியில் புதைத்தாள். மண்ணைத் தள்ளி மிதிக்கும்போது அழுகை முட்டியது. குருவிக்காக அழுதாளா, வாக்குக்காக அழுதாளா, யாருக்குத் தெரியும்.

அன்று பேக்கரியில் ஒரு தட்டு பன்னைக் கரியாக்கினாள். முதலாளி, "என்னக்கா, வீட்ல ஏதாச்சும் பிரச்சினையா?" என்று கேட்டார். "ஒண்ணும் இல்லைங்க," என்றாள். குருவிக்கடைக்காரரிடம் கேட்டால் வழி சொல்வார். ஆனால் அவர் பூட்டுக்காரரின் தோஸ்து. இங்கே கேட்டால் அங்கே போய்ச் சேர்ந்துவிடும். யாரிடமும் சொல்லவும் முடியாமல், வைத்துக்கொள்ளவும் முடியாமல் நெருப்பை மடியில் கட்டிக்கொண்டு திரிந்தாள்.

அடுத்த நாள் அவளுக்கு விடுமுறை. காலையில் மின்சாரம் நின்றது. வானொலியும் நின்றது. அவள் அடுப்படியில் இருந்தாள். வீடு முழுக்க இறங்கிய அமைதியில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. திரும்பினால் பூட்டுக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"சின்ன முதலாளி எங்க?"

"கூண்டுலதான்."

"அராவற சத்தம் இல்லை. ஒரு சத்தமும் இல்லை. என் முகத்தைப் பார்த்துச் சொல்லு, என்ன ஆச்சு?"

எவ்வளவு நேரம்தான் தாங்குவாள்? உடைந்துவிட்டாள். "ஏங்க, அதுங்க தின்ன மாட்டேங்குதுங்க. நான் என்ன பண்ணட்டும்? கிண்ணம் நிறையத் தினை இருக்கு, ஒண்ணும் தொட மாட்டேங்குது. உங்களைக் காணாம ஏங்குது. மஞ்சக்காரி சோடி போயிடுச்சு. நான்தான் புதைச்சேன். உங்ககிட்ட மறைச்சேன்."

அவர் பின்கதவைத் திறந்தார். அவள் முந்திக்கொண்டு ஓடிப் போய்க் கூண்டு வாசலில் நின்று, சங்கிலியோடு சாவியைக் கைக்குள் பொத்திக்கொண்டாள்.

"விடமாட்டேன். என்னைத் தாண்டிப் போங்க பாக்கலாம்."

"ஒண்ணுக்கு ஏதாச்சும் ஆனா போவேன்னு சொல்லித்தானே வாக்கு கொடுத்தேன்?"

"வாக்காவது ஒண்ணாவது! உங்களுக்கு ஏதாச்சும் ஆனா நான் யாரோட பேரம் பேசறது?"

அவர் சட்டைப் பையில் கையை விட்டார். ஒரு சாவியை எடுத்தார். அவளை மெல்ல ஓரமாக நகர்த்தினார். பூட்டு திறந்தது. இவர் எப்போது இந்தச் சாவியைச் செய்தார்? அப்படியென்றால் நான் பேக்கரிக்குப் போன பிறகு தினமும்... தோளில் கிடந்த துண்டை உருவி அவர் மூக்கையும் வாயையும் சுற்றிக் கட்டிவிட்டுப் பின்னாலேயே நுழைந்தாள்.

அவரைப் பார்த்தும் குருவிகள் தின்ன ஓடி வரவில்லை. ஒன்றிரண்டு தலையைத் திருப்பின, அவ்வளவுதான். ஏக்கமாம் ஏக்கம். அவர் நேராகப் பலகைக்குப் போய் ஒரு கிண்ணத்தை எடுத்துக் குலுக்கினார். சரசரவென்று காய்ந்த சத்தம் வந்தது. முகம் மாறிப்போயிற்று. துண்டைக் கீழே இழுத்துவிட்டு, கிண்ணத்தை வாய்க்கு நேராகப் பிடித்து, ஊதினார்.

ஒன்றும் ஆகவில்லை. மேலாக நாலைந்து தினை மட்டும் எழுந்து, விளிம்பைத் தாண்டாமல் அங்கேயே விழுந்தன. மூச்சை இழுத்து மறுபடி ஊதினார். இந்தத் தடவை இருமல்தான் வந்தது. முதுகு வளைந்து, கண் பிதுங்கி, கம்பியைப் பிடித்துக்கொண்டு இருமினார். அவர் கையிலிருந்து அவள் கிண்ணத்தைப் பிடுங்கினாள். ஊதத்தானே பார்த்தார், எதற்கென்று தெரியாவிட்டாலும் ஊதுவோம் என்று அடுப்பு ஊதிய நெஞ்சால் ஒரு ஊது ஊதினாள்.

கிண்ணம் முழுக்க எழுந்து பறந்தது. பொன்னிறமாகப் பறந்து, அவர்கள் தலைமேலும் தோள்மேலும் விழுந்தது. தினை இல்லை. அத்தனையும் உமி. கிண்ணத்தின் அடியில் தகரம் பளபளத்தது.

அவள் அடுத்த கிண்ணத்தை எடுத்து ஊதினாள். அதுவும் உமி. அதற்கடுத்ததும் உமி. ஒவ்வொரு தினையையும் குருவி அலகால் பிளந்து, உள்ளே இருப்பதைத் தின்றுவிட்டு, உமியை அதே கிண்ணத்தில் போட்டிருக்கிறது. பார்த்தால் முழுத் தினை. கிண்ணம் என்றைக்குமே குறையவில்லை.

"ஐயோ," என்றாள். "ஐயோ, பட்டினி போட்டுட்டேனே. கிண்ணம் நிறைய வெச்சுக்கிட்டே பட்டினி போட்டுட்டேனே பாவி!"

"தினை மூட்டை எங்க? கொட்டு முதல்ல," என்றார் இருமலுக்கு நடுவில்.

மூட்டையை இழுத்து வந்து அள்ளி அள்ளிக் கொட்டினாள். கொட்டி முடிப்பதற்குள் அவள் கைமேலேயே வந்து இறங்கின. கிண்ணத்துக்குள் கால் வைத்து, ஒன்றை ஒன்று தள்ளி, டிக் டிக் என்று உடைக்கிற சத்தம். சின்ன முதலாளி தள்ளாடித் தள்ளாடி வந்தது. ஒன்றை விலக்கிவிட்டு அதற்கு இடம் செய்து கொடுத்தாள்.

"மஞ்சக்காரி பானையைப் பாரு. குஞ்சுக்குத் தொண்டைக்குக் கீழ ஒரு பை இருக்கும், தொட்டுப் பாரு."

கையை விட்டுத் தொட்டாள். "சூடு இருக்கு. அசையுதுங்க. பைதான் சப்பிப்போய்க் கிடக்கு."

"உயிர் இருந்தா போதும். அவ தின்னுட்டு வந்து ஊட்டிடுவா." கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கினார். "அவ சோடி, தான் தின்னாம கிடைச்சதையெல்லாம் அவளுக்குக் கக்கிக் கொடுத்திருப்பான். அதான் அவன் முதல்ல போயிட்டான்."

அவளுக்குத் தாங்கவில்லை. சண்டைக்கு வந்தாள். "தேய்க்கச் சொன்னீங்க, சாத்தச் சொன்னீங்க, எட்டிப் பாக்காதேன்னு சொன்னீங்க. ஊதச் சொன்னீங்களா? ஒரு வார்த்தை, ஊதுன்னு சொன்னீங்களா?"

அவர் விழித்தார். உண்மையாகவே யோசித்துப் பார்த்தார். "சொல்லலையே," என்றார் மெதுவாக. "சொல்லணும்னு தோணவே இல்லையே. காலையில வருவேன், ஊதுவேன். சாயங்காலம் வருவேன், ஊதுவேன். அதை ஒரு வேலைன்னே நினைச்சதில்லை. மூச்சு விடுன்னு யாராச்சும் சொல்லிக்கொடுப்பாங்களா?"

சொல்லிவிட்டு அவரே அந்த உமியைப் பார்த்தார். தரையில், பலகையில், அவள் தலைமுடியில். இத்தனை வருடம் காலையும் மாலையும் முகத்துக்கு நேராகப் பிடித்து ஊதியது. டாக்டர் சொன்னபோது மண்டையில் ஏறாதது இப்போது ஏறியது என்று அவர் முகத்தைப் பார்த்தே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"நாலு உமிகூட வெளியே போகலை பாத்தியா," என்றார். "அந்த டாக்டர் குழாய் நல்ல குழாய்தான்."

அவர் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தாள். கதவைச் சாத்தினாள். அப்புறம்தான் அது ஞாபகம் வந்தது. நடு முற்றத்தில் நின்றுகொண்டாள்.

"அந்தச் சாவி எப்பச் செஞ்சது?"

"நீ பூட்டினியே, அன்னைக்கே."

"அப்ப நான் வேலைக்குப் போனதும் தினமும் உள்ள போயிட்டிருந்தீங்க."

"போகலை."

"நான் நம்பணுமா?"

"போயிருந்தா ஊதியிருப்பேன்ல?" என்றார் அவர்.

மரத்தடியில் மண் இன்னும் புதிதாக இருந்தது. இந்த மனிதர் ஒரே ஒரு நாள் வாக்குத் தவறியிருந்தால், ஒரே ஒரு தடவை அவளை ஏமாற்றியிருந்தால், அந்தப் பச்சைக் குருவி இருந்திருக்கும். சாவியைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு, அவளுக்காக நாற்காலியில் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

அவர் சாவியை அவள் உள்ளங்கையில் வைத்தார். "இதையும் கோத்துக்கோ. இனிமே எனக்கு வேண்டாம்," என்றார். யாரும் சொல்லாமலேயே சட்டையைக் கழற்றி உதறிவிட்டு, குழாயடியில் கையையும் முகத்தையும் கழுவிக்கொண்டு உள்ளே போனார்.

அன்று சாயங்காலம் மரத்தில் முதல் இலை அசைந்தது. குருவிகள் கத்தத் தொடங்கியிருந்தன. பழையபடி இல்லை, ஆனாலும் கத்தல்தான். ரொட்டியக்கா கிண்ணங்களை எடுத்துக்கொண்டு முற்றத்தின் கடைசிக்குப் போனாள். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றாள். முகத்தை அப்பால் திருப்பி மூச்சை இழுத்துக்கொண்டு, கிண்ணத்தைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, ஊதினாள். மேலிருந்த உமி சுவரைத் தாண்டிப் போயிற்று. அடியில் தினை இருந்தது. இன்னும் கொஞ்சம் போட்டாள்.

அடுத்த கிண்ணத்தை எடுத்தவள் ஏதோ தோன்றித் திரும்பிப் பார்த்தாள். சன்னலுக்குப் பின்னால் பூட்டுக்காரர். அவள் கிண்ணத்தை உயர்த்தும்போது அவர் கன்னமும் உப்பியது. அவள் ஊத, அவரும் ஊதினார். கண்ணாடியில் கைக்குட்டை அகலத்துக்குக்கூட இல்லாமல் ஓர் ஆவி படிந்து மறைந்தது.

"நான்தான் ஊதறேன்ல!" என்று முற்றமே அதிரக் கத்தினாள் ரொட்டியக்கா, கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டே. "நீங்க வாயை மூடிக்கிட்டு உட்காருங்க!"